சீரக மாமரத்துக்கு ஒட்டுக் கட்டிய வருடம்

மாடிப்படி ஏறும்போது பாதியில் ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிற வயது எனக்கு வந்துவிட்டது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். அப்படி நிற்கும்போது சம்பந்தமே இல்லாமல் பழைய விஷயம் ஏதாவது வந்து பக்கத்தில் நிற்கும். எனக்கு வருவது என் பத்தாவது வயதில் செத்துப்போன ஆறு மாங்கன்றுகள். பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரிய துக்கங்களையெல்லாம் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் இது போக மாட்டேன் என்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில் இருந்தோம். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் மேட்டு நிலம், ஒரு கிணறு. அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையில் ஏழரை பஸ்ஸில் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவரை வெளிச்சத்தில் பார்ப்போம். அம்மா வீட்டிலேயே பிசிறு வெட்டினாள். கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் வரும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் நறுக்கி, மடித்து, திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் சோற்றில் நூல் இல்லாத நாள் கிடையாது. உங்களில் திருப்பூர்க்காரர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்ததும் நாக்கைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மா பிறந்த ஊர் எங்கள் ஊருக்கு மேற்கே மூன்று மைல். எங்கள் நிலத்தை ஒட்டி ஓடும் பள்ளம் அங்கிருந்துதான் வருகிறது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் மணல். அந்த ஊரில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பூர்வீக வீட்டையொட்டிச் சாயப்பட்டறை போட்டிருந்தார். அம்மாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே அவளைப் பெற்றவள் போய்விட்டாள். மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். பிறகு அவர்களைப் பெற்ற அய்யனும் போய்ச் சேர்ந்துவிட, அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது மாமா ஒருவர்தான்.

அந்த வீட்டு வாசலில் ஒரு மாமரம் நின்றது. சின்னக் காய், நுனி கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். பழுத்தால் காம்புப் பக்கம் மட்டும் லேசாகச் சீரக வாசம் அடிக்கும். சீரக மாங்காய் என்றே அதற்குப் பெயர். அந்த ஜாதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா புது பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஜிலேபிப் பொட்டலம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, தை பொறந்தா வாசல் மரத்தை எடுத்தர்றோம். அந்த எடத்துல இன்னொரு தொட்டி கட்டோணும்."

அப்பாதான் கேட்டார். "ஏன் மாப்ளை, மரத்தை உட்டுட்டுத் தள்ளிக் கட்ட முடியாதா?"

"எடம் பத்தலீங்க மச்சான். ஆர்டர் வந்து நிக்குது. நம்மகிட்டத் தொட்டி பத்தலைன்னா பார்ட்டி அடுத்த பட்டறைக்குப் போயிருவானுங்க."

அம்மா ஜிலேபிப் பொட்டலத்தை முன்னால் நகர்த்தினாள். "இன்னும் ரெண்டு ஜிலேபி எடுத்துக்க சாமி" என்று தம்பிக்கே எடுத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு பிசிறு வெட்ட உட்கார்ந்தவள், நல்ல துணியையே நறுக்கிவிட்டாள். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, அந்த மரத்துல ஒரு கன்னு எடுக்க முடியாதுங்களா?" என்றாள்.

"கொட்டை போட்டா மொளைக்குமல்ல?"

"கொட்டையில வர்றது அதே ருசி வராதுன்னு எங்க அய்யன் சொல்லுவாருங்க. ஒட்டுத்தான் கட்டோணுமாமா."

அப்பாவுக்கு விவசாயத்தில் கை படிந்ததே இல்லை. ஆனால் கத்தி பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்த வாரமே காங்கேயம் ரோட்டில் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போய், பன்னிரண்டு காட்டு மாங்கன்றுகளோடு அங்கே வேலை பார்த்த ஒரு ஒட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அது ஆனி மாதக் கடைசி.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படியே இருக்கிறது. மரத்தடியில் மூங்கில் கட்டிப் பரண் போட்டு, கன்றுகளைப் பைகளோடு கிளை மட்டத்துக்கு ஏற்றினார்கள். பென்சில் தடிமனுள்ள கிளையாகப் பார்த்து, அதில் இரண்டு விரல் நீளத்துக்குப் பட்டையோடு மெல்லச் சீவினார் ஒட்டுக்காரர். கன்றின் தண்டிலும் அதே அளவு சீவினார். இரண்டு காயத்தையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்ட வேண்டும். முதல் இரண்டை அவர் கட்டினார். பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "உடுங்க, நான் பாக்கறேன்" என்று மூன்றாவதை வாங்கிக்கொண்டார். மீதிப் பத்தும் அவர் சீவியதுதான். துணியில் நாற்பது அடுக்கு போட்டு வெட்டினாலும் அடித்துணி பிசகாத கை. ஒட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

கட்டுவதற்குப் பிளாஸ்டிக் பையைக் கிழித்துச் சுற்றி, அதற்குமேல் பனியன் துணி நாடா. கட்டிங் வேஸ்டில் கிடைப்பது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கயிறு மாதிரிச் சுருண்டுகொள்ளும். தண்டு பருத்தால் கூடவே இளகிக் கொடுக்கும், சதையை வெட்டாது. அதைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்தது நான். கிளையை அசையாமல் பிடித்துக்கொண்டது அம்மா. மாம்பால் வாசமும் பட்டறையிலிருந்து வந்த ஆசிட் நெடியும் கலந்து மூக்கில் ஏறியது. மாமா நடுவில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், மரத்துக்கு ஆப்பரேசன் பண்றீங்களா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான்.

ஆடிக் காற்றில் ஐந்து கட்டு அவிழ்ந்தோ முறிந்தோ போனது. ஏழு பிடித்துக்கொண்டது. புரட்டாசியில் அப்பா ஒட்டுக்குக் கீழே மரத்துக் கிளையையும், ஒட்டுக்கு மேலே கன்றின் தலையையும் வெட்டிப் பிரித்தார். ஒரேயடியாக வெட்டாமல், முதல் ஞாயிறு பாதி, அடுத்த ஞாயிறு மீதி. இல்லையென்றால் கன்றுகள், திடீரென்று தாய் போய்விட்டது என்று தெரிந்து வாடிவிடுமாம். ஐப்பசி மழையில் ஏழும் எங்கள் நிலத்துக்கு வந்தன. தை மாதம் அங்கே மரத்தை வெட்டினார்கள். அன்றைக்கு அம்மா போகவில்லை.

கன்றுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு வந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூடவே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இங்க பாரு அம்மணி, கட்டுக்குக் கீழ எந்தத் தளிர் வந்தாலும் கிள்ளிப்போடோணும். அது காட்டு மரம். உட்டா மேல இருக்கறதைச் சாகடிச்சுட்டு அதுதான் வளரும். பூ வந்தாலும் மூணு வருசத்துக்குக் கிள்ளோணும். காலையில ஒரு கொடம், சாயங்காலம் ஒரு கொடம். உன்னை நம்பித்தான் உடறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் எங்கள் தோட்டம் என்றுதான் பேச்சு. பனை ஓலையை மேற்குப் பக்கம் சாய்த்து வெயிலுக்கு மறைப்பு வைத்தேன். கிணற்றில் சேந்திச் சேந்திக் கை காய்த்துப் போனது. தையிலேயே ஏழும் தாமிர நிறத்தில் கொழுந்து விட்டன. அந்தக் கொழுந்தைத் தொட்டால் நாய்க்குட்டியின் காது மாதிரி இருக்கும்.

மாசிக் கடைசியில் இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. சூடு அதிகமான இஸ்திரிப் பெட்டி பட்ட துணி மாதிரி, நுனியிலிருந்து பழுப்பு உள்ளே ஏறியது. அப்பா ஒட்டுக்காரரைக் கேட்டு வந்தார். தண்ணீர் பற்றவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நேரமும் ஊத்தறயா?"

"ஊத்தறனுங்கப்பா."

"இனிமே ரெண்டு ரெண்டு கொடமா ஊத்து."

ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கருகியது. பங்குனியில் முதல் கன்று செத்தது. பத்து நாளில் இன்னும் இரண்டு. பாத்தி மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது போலிருந்தது. காலால் கலைத்துவிட்டுக் கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அது என்னுடைய குறையாக இருக்குமோ என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் அப்பா பொழுதோடு வந்துவிட்டார். நான் பக்கத்து வீட்டில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தேன். சாயங்காலத் தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை. ஊற்றத்தான் போகிறேன், ஒரே ஒரு ஆட்டம் முடியட்டும் என்று இருந்தேன். அப்பா நேராகக் கன்றுகளிடம் போய்விட்டு வந்தார். மண் காய்ந்திருந்தது.

என்னை வாசலுக்குக் கூப்பிட்டு ஓர் அறை விட்டார். அதற்கு முன்னால் அவர் என்னைத் தொட்டு அடித்ததே கிடையாது.

"உன்னை நம்பி உட்டன் பாரு, என்னைச் சொல்லோணும்."

"தெனமும் ஊத்தறனுங்கப்பா. இன்னைக்கு மட்டுந்தான்..."

"பொய் வேற பேசற."

அம்மா கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி மடித்த பனியன். நான் அவளைப் பார்த்தேன். காலையும் மாலையும் நான் குடம் சுமப்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பனியனை மடித்து முடித்து, அடுக்கின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கோபித்துக்கொண்டு முகம் திருப்புவது மாதிரி இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார், அவ்வளவுதான். நான் மட்டும் தினமும் ஊற்றினேன். இன்னும் மூன்று செத்தது. கடைசியில் சமையலறைச் சுவர் ஓரம் நின்ற ஒன்று மட்டும் பச்சையாகவே இருந்தது. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குக் காரணம் ஒரு மத்தியானம் தெரிந்தது. பள்ளிக்கூடம் அரைநாள் விட்டு வந்தேன். அம்மா குடிதண்ணீர்க் குடத்தைச் சாய்த்து அந்தக் கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். குடிக்கவும் சமைக்கவும் அவள் ஊர்க்கோடியில் இருந்த பஞ்சாயத்துக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று ஒருநாள் முணுமுணுத்தது தவிர, அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. அப்பா வீட்டில் இருக்கிற நேரத்துக்குள் குடங்கள் நிரம்பியிருக்கும். அது எங்கிருந்து வந்த தண்ணீர் என்று அவருக்குத் தெரியாது.

"ஏம்மா இதுக்கு மட்டும் கொழாத் தண்ணி?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஒரு கன்னுக்குத்தான் பத்தும் கண்ணு."

"கெணத்துத் தண்ணி ஊத்துனா என்ன?"

"அப்பாகிட்டச் சொல்லீராத" என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

கோடை மழை ஒன்று பெரிதாக அடித்துப் பள்ளத்தில் தண்ணீர் ஓடியது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கிணற்றடியில் குளிக்கப் போனார். ஒரு வாளி சேந்தியவர் ஊற்றிக்கொள்ளாமல் அப்படியே நின்றார். வாளியைத் தூக்கி வெள்ளைத் துண்டின்மேல் கொஞ்சம் ஊற்றினார். துண்டை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் மெல்லிய சிவப்பு இறங்கியிருந்தது.

எங்களுக்கு அது வெறும் சிவப்பு. அப்பா அந்த மாதம் முழுக்க அந்த நிறத் துணியைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். மெரூன் ஆர்டர். துணி சாயத்துக்குப் போய்வந்தது மாமா பட்டறைக்கு. பட்டறைக் கழிவு பள்ளத்து மணலில் இறங்கி எங்கள் கிணற்றுக்கு வந்திருந்தது.

ஈரத் துண்டோடு வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பருப்பு வேகாதப்பவே தெரியுமுங்க."

"அப்ப மாசியிலயே தெரியும்."

"ஆமாங்க."

"புள்ளைய அடிச்சன். நீ பாத்துட்டு நின்ன."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சொல்லியிருந்தா நீங்க போயி அவனைக் கேப்பீங்க. அவன் ஒண்ணு பேசுவான், நீங்க ஒண்ணு பேசுவீங்க. அத்தோட எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு இல்லாமப் போயிருமுங்க."

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். போய்ச் சண்டை போடப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. போகட்டும் என்றும் இருந்தது. அவர் வேலிப்படல் வரைக்கும் போனார். அங்கேயே ரொம்ப நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாமா பட்டறையில் சாயம் போட்ட துணியை வெட்டித்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தோம் என்பதை, படலுக்குப் பக்கத்தில் நின்றபோது அவர் நினைத்திருக்க வேண்டும். இது நான் பின்னாளில் யூகித்தது. அவர் சொல்லவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டில் உட்காரும்போது, "அம்மணி, நீ உண்டயா?" என்று கேட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. "இன்னும் இல்லீங்கப்பா" என்றேன். தட்டை நகர்த்திப் பக்கத்தில் இடம் விட்டார். அடித்ததைப் பற்றி அவர் பேசியதே இல்லை, சாகிற வரைக்கும். அந்த ஒரு கேள்வியிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டேன்.

அம்மா நான்கு வருடம் அந்த ஒரு கன்றுக்குக் குழாய்த் தண்ணீர் சுமந்தாள். இப்போது அப்பாவுக்குத் தெரியும் என்பதால் ஒளிக்க வேண்டியதில்லை, அதுதான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் இரண்டு குடம் கொண்டுவந்தார். கட்டுக்குக் கீழே வந்த தளிரை அவர்தான் கிள்ளினார். அந்த வேலையை என்னிடம் திரும்பக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வருடம் தையில் வந்த பூவையெல்லாம் உதிர்த்தார். நான்காவது வருடம் விட்டார். கல்லும் உப்பும் கண்ட மண்ணில் என் உயரமே வளர்ந்திருந்த மரத்தில் ஐந்து காய் நின்றது.

அதற்குள் மாமா பெரிய ஆளாகியிருந்தார். பூர்வீக வீடு முழுக்கப் பட்டறையாகிவிட, திருப்பூரில் மொசைக் தரை போட்ட மாடி வீடு கட்டிக் குடிபோயிருந்தார். ஐந்து பழத்தில் ஒன்று அணில் கடித்தது. ஒன்றை அம்மா, அப்பாவுக்கும் எனக்கும் நறுக்கிக் கொடுத்தாள். அவள் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. மீதி மூன்றையும் பனியன் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எனக்குப் பதினான்கு வயது. வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போனேன்.

மாமா போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து வந்து, "வாங்கக்கா, வா கண்ணு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் விரல் நகங்களில் நீலம் படிந்திருந்தது; எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. அம்மா ஒரு பழத்தைத் தானே நறுக்கித் தட்டில் வைத்து நீட்டினாள். காம்புத் துண்டை மேலாக வைத்தாள். மாமா அதை எடுத்துச் சாப்பிட்டார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இனிப்பா இருக்குதுக்கா. எங்க வாங்குனது? சேலத்துக் காயா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா தன் கையை என் தொடைமேல் வைத்து அழுத்தினாள்.

"ஆமா சாமி" என்றாள். "சந்தையில வாங்குனது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். வீரபாண்டி தாண்டி இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் அம்மா, பக்கத்தில் நான். 

"ஆசிட் நெடியில நின்னு நின்னு அவனுக்கு மூக்கு செத்துப் போச்சு கண்ணு" என்றாள் அவளாக. "இல்லீன்னா அவனுக்குத் தெரியாம இருக்குமா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நான்கு வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அப்பா என்னை அடிச்சப்ப ஏம்மா நீ ஒண்ணும் சொல்லலை?"

அருள்புரம் ஸ்டாப்பில் கம்பெனிப் பெண்கள் ஏறினார்கள். கண்டக்டர் விசில் ஊத, பஸ் மறுபடி கிளம்பியது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ என்ன ஆனாலும் என்னை உட்டுப் போகமாட்டேன்னு தெரியும் கண்ணு. அவன் அப்படி இருப்பானான்னு எனக்குத் தெரியலை."

 கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள். தலை சாய்ந்து சாய்ந்து என் தோள்மேல் வந்து நின்றது. முன்தினம் ராத்திரியெல்லாம் பிசிறு வெட்டியிருந்தாள், இரண்டு மூட்டை. எங்கள் ஸ்டாப் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. தோள் கடுத்தது. அவளை எழுப்பிவிடக்கூடாது என்று, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.